வாளி அக்கா எண்ணிய சிறுநீரகங்கள்

எங்கள் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு வாளி அக்கா என்று பெயர். ஆபரேஷன் தியேட்டரில் வெட்டி எடுப்பதையெல்லாம் வாங்கி, எண் ஒட்டி, பதிவேட்டில் எழுதுவது அவள் வேலை. இருபத்தாறு வருடம். பக்கத்து மேஜைக்காரன் நான். அவள் முதுகு நிமிர்ந்து பார்த்ததில்லை.

போன மாதம் பெரிய சர்ஜனுக்குத் திடீரென்று ஞானோதயம். எத்தனை பேருக்கு முழுச் சிறுநீரகம் எடுத்தோம், எத்தனை பேருக்குக் கட்டியை மட்டும், எந்தக் கட்டி என்ன வகை என்று பழைய பதிவேடுகளைப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டார். சொல்கிறவருக்கு வாயா வலிக்கப்போகிறது? தூசி தின்றது அக்காதான்.

"அப்பல்லாம் முழுசு முழுசா வாளியில வரும் தம்பி. இப்ப எலுமிச்சங்காய் அளவு கட்டி மட்டும் சின்ன பாட்டில்ல வருது. மிச்சக் கிட்னி அவங்கவங்ககிட்டயே இருக்கு" என்று பெருமூச்சு விட்டாள்.

அறுத்துப் பார்த்தால் மஞ்சளாக இருப்பது பெரும்பாலும் புற்றுநோய். பழுப்பாக, நடுவில் தழும்போடு இருந்தால் அநேகமாக யாரையும் ஒன்றும் செய்யாத சாது. ஸ்கேனில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் அந்தக் காலத்தில் சந்தேகம் என்றாலே முழுசாக எடுத்துவிடுவார்கள்.

பதினாலு வருடத்துக்கு முந்தைய பதிவேட்டில் அவள் விரல் நின்றது. அவள் வீட்டுக்காரரின் எண். முழுச் சிறுநீரகம். பழுப்பு, சாது. அவள் கையெழுத்துதான்.

அவர் பஸ் ஓட்டியவர். புற்றுநோய்க் கட்டி என்றே நம்பி, அது திரும்ப வந்துவிடுமோ என்று வேலையை விட்டார். உப்பை அளந்து தின்கிறார். இருமல் வந்தால்கூட முகம் வெளுத்துவிடும். 'இனிப் பயமில்லை' என்று டாக்டர் தட்டிக்கொடுத்ததை வெறும் ஆறுதல் என்று நினைத்துக்கொண்டார். ரிப்போர்ட்டைப் படித்த அக்காவும், "எல்லாத்தையும் எடுத்தாச்சு" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

"கிட்னி சும்மா போச்சுன்னு தெரிஞ்சா மனுஷன் ஒடிஞ்சிடுவாருன்னு பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு வருஷம் ஓடிப்போச்சு."

எனக்கு எரிச்சல் வந்தது. "இன்னைக்காவது சொல்லித் தொலைங்கக்கா" என்றேன்.

அன்று சாயங்காலமே சொல்லியிருக்கிறாள். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தாராம். கத்துவார், டாக்டரைக் கண்டபடி திட்டுவார் என்று காத்திருந்தாள். அவரோ கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு, "உனக்கு எப்பத் தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

"அப்பவே தெரியும்."

அவர் சட்டையை மறுபடி எடுத்து மடித்து வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னாராம்: "பதினாலு வருஷமா ராத்திரி ராத்திரி பயந்துக்கிட்டே படுத்திருந்தேன். நீ பக்கத்துலதானே படுத்திருந்த."