கேமராவுக்குப் பின்னால் ஒரு ‘ம்’

கல்யாண வீடியோ எடுப்பவனுக்கும் பேராசிரியர்களுக்கு வீடியோப் பாடம் எடுக்கச் சொல்லித்தருபவனுக்கும் ஒரு வித்தியாசம்தான்: மாப்பிள்ளை ஒருநாள் பயப்படுவான், பேராசிரியர் தினமும் பயப்படுவார்.

நான் எட்டாவதோடு நின்றவன். போடியில் பல வருஷம் கல்யாண வீடியோ எடுத்தேன். ஆளுக்கொரு போன் வந்த பிறகு கடையைப் பூட்டிவிட்டு, பல்கலைக்கழகத்தின் போடிக் கிளையில் வீடியோ அறை வேலைக்கு வந்தேன். அறை என்றால், மாடியில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த இடம். ஜன்னலைத் திறந்தால் மேற்கே மலை. மத்தியானம் மேகம் இறங்கி வந்து மலையை மெல்ல அழித்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வரைந்து வைக்கும். ஏலக்காய் வாசம் தெருவிலிருந்து மாடிவரை ஏறி வரும். அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நின்று, எத்தனையோ ‘வணக்கம் மாணவர்களே’யைப் பதிவு செய்யாமல் விட்டிருக்கிறேன். கேமராவுக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்கள் என்னைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆரம்

முதலில் வந்தவர் பொருளாதாரம் எடுக்கும் அம்மா. எங்கள் ஊரில் வீடியோ என்றால் விசேஷம். அரக்குப் பட்டு, தலை நிறைய மல்லிகை, கழுத்தில் ஆரம், கூடவே மாமியாரும் பக்கத்து வீட்டு அம்மாவும். மாமியார் நேராகக் கேமரா முன்னால் வந்து நின்று கும்பிட்டார். அவரை நகர்த்தி உட்காரவைக்கவே அரை மணி நேரம் ஆயிற்று.

தேவை, அளிப்பு, விலை என்று அந்த அம்மா அருமையாகப் பாடம் நடத்தினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒருமுறை ஆரத்தைத் தொட்டுச் சரிசெய்தார். மைக்கில் பாதி பாடம், பாதி கிணுகிணுப்பு. திரும்பப் போட்டுக் காட்டி, “சத்தம் விழுது பாருங்கம்மா, இன்னொரு தடவை எடுப்போம்” என்றேன். அவர் திரையை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சத்தம் கெடக்கட்டும்ண்ணே, ஆரம் முழுசாத் தெரியுதா?”

பூமழை

பதிவு செய்ததை வெட்டி ஒட்டும் வேலையும் என்னுடையதுதான். என் கம்ப்யூட்டரில் இருந்த அலங்காரமெல்லாம் கல்யாணத்துக்கு வாங்கியவை. தாலி ஏறும் இடத்தில் படம் மெதுவாகி, மேலிருந்து ரோஜா இதழ்கள் விழும். கணக்கு வாத்தியார் ஒரு தேற்றத்தைப் படிப்படியாக எழுதி, கடைசி வரியில் கோடு போட்டார். பழக்கத்தில் என் கை அந்த இடத்தில் பூமழையைப் போட்டுவிட்டது. அவர் கை பலகையிலிருந்து மெதுவாக, தண்ணீருக்குள் அசைவதுபோல இறங்க, சாக்பீஸ் தூள் மிதக்க, இதழ்கள் விழுந்துகொண்டே இருந்தன.

பார்த்து முடித்ததும் திட்டுவார் என்று நினைத்தேன். பூ விழும் இடத்தை மட்டும் மறுபடி போடச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எடுக்காதீங்க, இருக்கட்டும். இத்தனை வருசத்துல நான் கணக்குப் போட்டு முடிச்சதுக்கு யாரும் ஒரு பூக்கூடப் போட்டதில்ல.”

கையில் மலை

அடுத்தவர் தாவரவியல் பேராசிரியர். சிலமலையிலிருந்து வருபவர் என்பதால் எல்லாரும் சிலமலை சார் என்பார்கள். ஏலத்தோட்டங்களில் வேலை செய்பவர்களுக்கென்று ஒரு படிப்பைச் சண்டை போட்டு வாங்கியவர் அவர்தான். பேர் கொடுத்திருந்தவர்களில் பெரும்பாலோர் காய் எடுக்கும் பெண்கள். மழையில் ஜீப் ஓடாத நாட்களில் அவர்களால் இறங்கி வர முடியாது; பாடம் போனில் ஏறிப் போக வேண்டும். மாசக் கடைசிக்குள் பாடங்கள் தயாராகாவிட்டால் படிப்பையே எடுத்துவிடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

அறையில் ஒரு பச்சைத் துணி தொங்கும். அதன் முன்னால் நின்று பேசினால், பச்சை தெரிகிற இடத்திலெல்லாம் நாம் கொடுக்கும் படத்தைக் கம்ப்யூட்டர் வைத்துவிடும். அவருக்குப் பின்னால் போடிமெட்டு மலையை வைத்தோம். ஏலக்காய் பச்சையாக இருந்தால்தான் எங்கள் ஊரில் மதிப்பு. அவரும் நல்ல பச்சைக் காயாகப் பொறுக்கி எடுத்து விரலில் பிடித்துக் காட்டினார். திரையில் காய் இல்லை. காய் அளவுக்கு ஓர் ஓட்டை, அதற்குள் பனி மூடிய மலை. சரியாகத் தெரியவில்லை போல என்று அவர் இன்னும் பச்சையாக ஒன்றை எடுத்தார். மலை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. எனக்கு அதை நிறுத்த மனமே வரவில்லை. கூட வேலை பார்க்கும் ஈஸ்வரிதான் கத்தினாள்: “அண்ணே, சாரு கையில காயைக் காணோம், மெட்டைத் தூக்கி வச்சிருக்காரு!”

பந்தி

மனசு வந்திருந்தாலும் நான் வாய் திறந்து சொல்லியிருக்க மாட்டேன்; அவரோடு எனக்குப் பேச்சு கிடையாது. அவர் தங்கை கல்யாணத்துக்கு நான்தான் வீடியோ. முகூர்த்தம் முடிந்து பசியோடு பந்தியில் உட்கார்ந்தேன். சோறு விழுந்து, சாம்பார் ஊற்றி, பிசைந்துவிட்டேன். இவர் வந்து தோளைத் தொட்டு, “வீடியோக்காரரே, வெரசா எந்திரிங்க, மாப்ளை வீட்டு ஆளுக நிக்கிறாங்க” என்றார். எழுந்து, கையைக் கழுவி, கேமராவைத் தூக்கி, அதே பந்தியைப் படம் எடுத்தேன். என் இடத்தில் உட்கார்ந்து யாரோ அப்பளம் நொறுக்கியதும் அதில் பதிவாகியிருக்கிறது. அன்றோடு பேச்சை நிறுத்தினேன். நிறுத்தியது அவருக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

அதனால் இப்போது, “தள்ளி நிக்கச் சொல்லு”, “லென்சைப் பாக்கச் சொல்லு” என்று ஈஸ்வரி காதில் சொல்வேன். அவள் சத்தமாக அவருக்குச் சொல்வாள். ஏன் என்று அவள் குடைந்து கேட்டதில் பந்திக் கதையையும் சொன்னேன். சிலமலை சார் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, எனக்குக் கேட்கும்படியே சொன்னார்: “பாவம், மனுசனுக்குத் தொண்டை சரியில்ல போல. வீட்டுல மிளகு ரசம் வைக்கச் சொல்லும்மா.”

ம்

வகுப்பில் அவர் பேச ஆரம்பித்தால் மணி அடிப்பது யாருக்கும் கேட்காது என்பார்கள். கேமரா முன்னால் ஒரு வாக்கியம் சொல்வார், நின்றுவிடுவார். லென்சையே பார்ப்பார். மறுபடி முதலிலிருந்து. மாசம் முடியப் போகிறது, ஒரு பாடம்கூட முழுசாக இல்லை. பேர் கொடுத்த பெண்கள் மலையிலிருந்து தினமும் போன் செய்து, “சார், பாடம் எப்ப வரும்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் வாடிக்கொண்டே வந்தது.

மகள் பிரசவம் என்று ஈஸ்வரி லீவு போட்ட நாள் அது. நாங்கள் இரண்டு பேர்தான். மழை வரப்போகிற இருட்டு. மேகம் ஜன்னல் வரை வந்திருந்தது. “ஏலச்செடியில பூ மேல பூக்காது. அடியில, தரையை ஒட்டிப் பூக்கும்” என்றார். நின்றார். “விடியறதுக்கு முன்னாடி, யாரும் பாக்காத நேரத்துல விரியும்” என்றார். நின்றார். வெள்ளையாக, நடுவில் ஊதாக் கோடு போட்ட சின்னப் பூ ஒன்று இருட்டில் விரிவது எனக்குத் தெரிந்தது. “அதுக்கு ஆயுசு ஒரே பகல். அதுக்குள்ள தேனீ வந்தாகணும்.”

“ம்” என்று ஒரு சத்தம் கேட்டது. நான்தான்.

அவர் முகம் தெளிந்தது. “வரலைன்னா காய் இல்ல” என்று தொடர்ந்தார். “ம்” என்றேன். பிறகு மழை வந்ததும் போனதும் எங்களுக்குத் தெரியாது. தேனீ, நிழல் மரம், ஈரம், இலைச் சருகு என்று அவர் போய்க்கொண்டே இருந்தார். நானும் பின்னாலேயே போனேன். அவர் வகுப்பில் வாய்விட்டு ‘ம்’ போட ஒரு கூட்டம் இருந்திருக்கிறது. கேமரா ‘ம்’ போடாது. முடித்தபின் மைக்கைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “நாளைக்கும் வந்து இதே மாதிரி ‘ம்’ போடுங்க, அப்பு. இல்லேன்னா எனக்கு ஒண்ணும் ஓடாது.”

முனகல்

எல்லாப் பாடமும் மாசக் கடைசிக்குள் போய்ச் சேர்ந்தது. மறுநாளே மேலிடத்திலிருந்து போன்: பின்னால் யாரோ முனகுகிறார்கள், வெட்டுங்கள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. அவருக்கு நான் ‘ம்’ போட்டதற்குச் சாட்சி எதற்கு? வெட்டிப் பார்த்தேன். ‘ம்’ போன இடத்தில் எல்லாம் அவர் வாய் மூடி, கண்ணுக்குத் தெரியாத யாரோ சொல்வதைக் கேட்பதுபோலத் தலையசைத்தார். பேய் பிடித்த பாடமாக இருந்தது. படிப்பு போய்விடுமோ என்று ஈஸ்வரி கையைப் பிசைந்தாள்.

மேலிடம் மறுபடி கூப்பிட்டபோது சிலமலை சார் போனை வாங்கினார். கோபப்படவில்லை. மிக மெதுவாகத்தான் சொன்னார்: “அது முனகல் இல்லைங்க. பாதி பாடம் அதுலதான் இருக்கு. வெட்டுறதுன்னா என்னையும் சேர்த்து வெட்டிருங்க.”

மேலே

மேலிடம் அப்படியே விட்டுவிட்டது; படிப்பு நின்றுபோகவில்லை. முதல் நேரடி வகுப்பை எடுக்க ஜீப்பில் மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு பனி வழிவிட்டு, பின்னால் வந்து மூடிக்கொண்டது. காய் காயவைக்கும் கொட்டகையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சார் பேச ஆரம்பித்தார். நான் கேமராவுக்குப் பின்னால் நின்று வழக்கம்போல ‘ம்’ போட்டேன். ஒரு பெண் சட்டென்று திரும்பினாள். “ஆத்தா, இவருதான்டி! காய் எடுக்கையில காதுல மாட்டிக் கேக்கோம்ல, அந்த ‘ம்’ அண்ணே!” கொட்டகையே சிரித்தது.

மத்தியானம் அவர்களே சமைத்து இலை போட்டார்கள். நான் கேமராவைத் துடைப்பதுபோல ஒதுங்கி நின்றேன். சிலமலை சார் வந்து தோளைத் தொட்டார். அதே தோள். ஈஸ்வரி அவசரமாக வெளியே பனியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். அவர் என்னை முதல் இலையில் உட்காரவைத்து, தானே சோற்றுக் கரண்டியை எடுத்துக்கொண்டு சொன்னார்: “உக்காருங்க வீடியோக்காரரே. மாப்ளை வீட்டு ஆளுகளே வந்தாலும் இன்னைக்கு எந்திரிக்கக் கூடாது.”

“ம்” என்றேன், ஆனாலும் அவரோடு பேசுவதில்லை என்பதில் நான் இன்றுவரை ஒரு வார்த்தை தவறவில்லை, ‘ம்’ எந்த ஊரிலும் பேச்சில் சேராது.