பதினைந்தாவது மட்டை

மூன்றாவது குழிக்குப் பந்தடிக்கும் மேட்டில் நின்றுகொண்டு அண்ணன் பைக்குள் இருந்த மட்டைகளை எண்ணினார். சந்தையில் ஆடுகளைத் தலையில் தொட்டு எண்ணுவார்களே, அப்படி ஒவ்வொன்றாகத் தொட்டு நகர்ந்தது விரல். பதினான்கில் நின்றிருக்க வேண்டும். இன்னும் ஒன்றைத் தொட்டது. முதலிலிருந்து எண்ணினார். மறுபடியும் பதினைந்து. பெங்களூரின் அந்தப் பெரிய கோல்ஃப் புல்வெளி, நெற்றி வெயிலைக் கையால் மறைத்தபடி நான், என் தோளிலிருந்து அப்போதுதான் இறங்கிய பை. பத்து வருடம் ஆகியும் அந்தக் காட்சி எனக்குள் ஓடுவதில்லை, நிற்கிறது. அழுகை அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு மரத்த ஈறை நாக்கால் தடவிப் பார்ப்பதுபோல் தடவிப் பார்க்கிறேன். இடம் தெரிகிறது. வலி தெரியவில்லை.

கோல்ஃபில் ஒருவர் பதினான்கு மட்டைகளுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. கூடுதலாக ஒன்று சும்மா பையில் கிடந்தாலும், அதோடு ஆடிய ஒவ்வொரு குழிக்கும் இரண்டு அடி தண்டனை; அதிகபட்சம் நான்கு. குறைந்த அடிகளில் முடிப்பவர் ஜெயிக்கிற ஆட்டத்தில் நான்கு என்பது ஆழமான பள்ளம். இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. நான் பாலக்கோட்டில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள்.

அண்ணன் பதினேழு வயதில் மாரண்டஹள்ளியிலிருந்து தக்காளி லாரியில் ஏறிப் பெங்களூர் போனார். கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டினார். பிறகு பணக்காரர்களின் பை தூக்கினார். அவர்கள் வராத திங்கட்கிழமைகளில், தலை உடைந்து ஒட்டவைத்த மட்டையால் அடித்துப் பழகினார். இருபத்தேழு வயதில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிவிட்டார். தில்லி, சண்டிகர், கொழும்பு என்று ஆடினார். கல்கத்தாவில் ஒருமுறை இரண்டாம் இடம். ஊர் டீக்கடையில் அப்பாவைக் கேட்பார்கள்: "கில்லி ஆடறதுக்கு உங்க மவன் ஃபிளைட்ல போறானாமே?" அப்பா டீயை ஆற்றிக்கொண்டே சொல்வார்: "கில்லி வுழற எடம் தூரமுங்க. நடந்தா போக முடியும்?"

முப்பத்தெட்டு வயதுக்கு மேல் முதுகு பிடித்துக்கொண்டது. போட்டிகளில் ஆடுவதற்கான ஆண்டு அனுமதி அட்டை கையைவிட்டுப் போனது. அதைத் திரும்ப வாங்க நான்கு நாள் தகுதிச் சுற்று. மூன்று நாள் நன்றாக ஆடியிருந்தார். நான்காம் நாள் வழக்கமாகப் பை தூக்குகிறவருக்குக் காய்ச்சல். கோடை விடுமுறைக்கு வந்திருந்த என்னைப் பார்த்து, "நீ தூக்கறியா பாப்பா? பேசாம கூட நடந்தாப் போதும்" என்றார்.

அன்று காலை, பந்தைக் குழிக்குள் தள்ளும் மட்டைகள் இரண்டை மாற்றி மாற்றிப் பழகினார். ஒன்று புதியது. மற்றது கல்கத்தாவில் கையில் இருந்தது, பிடித்துப் பிடித்துப் பிடி வழுவழுத்துப் போனது. "இந்தப் பழசக் கார்ல போட்டுட்டு வா" என்றார். கார் கதவைத் திறந்தேன். போடவில்லை. கேழ்வரகு அறுப்பின் முதல் நாள், புது அரிவாளோடு தேய்ந்துபோன பழைய அரிவாளையும் கொல்லைக்காட்டுக்கு எடுத்துப்போவது எங்கள் வீட்டு வழக்கம். "இத்தன வருசம் அறுத்தத வூட்லயே வுட்டுட்டுப் போனா அதுக்கு ஏக்கமாப் போயிரும் கண்ணு" என்பாள் அம்மா. பழைய மட்டையை நீள மட்டைகளுக்கு நடுவே, கண்ணில் படாமல் செருகினேன். நல்லது செய்துவிட்ட சந்தோஷத்தில் பையைத் தோளில் மாட்டினேன். தினமும் முதல் குழிக்கு முன்னால் எண்ணுகிறவர், அன்று பெயரைச் சீக்கிரமே கூப்பிட்டுவிட்டதால் எண்ணாமல் அடித்துவிட்டார்.

பதினைந்து என்று தெரிந்ததும், கூட ஆடிய பெங்களூர்த் தமிழ்ப் பையன் கிட்டே வந்தான். "ண்ணா, நான் பாக்கலண்ணா. பொதருல வீசிட்டு வாங்க."

"நான் பாத்துட்டனேப்பா" என்றார் அண்ணன்.

அவரே கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டார். காலையில் எண்ண மறந்தது தன் தவறு என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நான்கு அடி. மீதிப் பதினாறு குழிகளையும் அவர் பின்னால் நடந்தேன். சாயங்காலம் இரண்டே அடி வித்தியாசத்தில் அனுமதி அட்டை கிடைக்காமல் போயிற்று.

காரில் ஓசூர் தாண்டியதும் கேட்டார். "பாப்பா, அதக் கார்ல போடச் சொன்னனா? இல்ல, சொல்லணும்னு நெனச்சதோட சரியா?"

உண்மை வாய்வரை வந்தது. "ஞாபகம் இல்லீங்கண்ணா" என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. மட்டையை வைத்தது அறியாமை. இதற்கு அந்தப் பெயர் கிடையாது. "கவனம் போச்சு. சொன்னனா இல்லையான்னே தெரியாதவன் மைதானத்துல நின்னு என்ன பண்ண?" என்று அவர் ரோட்டைப் பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு எந்தத் தகுதிச் சுற்றுக்கும் பெயர் கொடுக்கவில்லை. ஓசூர்ப் பக்கம் ஒரு பயிற்சித் திடலில் கம்பெனிக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார்.

இந்த ஆண்டு அவருக்கு ஐம்பது. ஐம்பது தாண்டியவர்களுக்குத் தனிப் போட்டிகள் உண்டு. அன்றைய பெங்களூர்ப் பையன், இப்போது தொப்பை வைத்துவிட்டவன், ஆட வரச்சொல்லிப் போன்மேல் போன் செய்கிறான். அண்ணன் அவனிடமும் கவனம் போச்சு என்கிறாராம். அதைக் கேட்ட பிறகுதான் போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

திடலில் அண்ணன், பழக வந்த ஒரு கண்ணாடிக்காரரின் பின்னால் நின்றிருந்தார். பக்கத்தில் போய் நின்று சொன்னேன். "அன்னிக்குச் சொன்னீங்கண்ணா. கார்ல போடச் சொன்னீங்க. நான்தான் வேணும்னே பைக்குள்ள வச்சேன். பழைய அருவா மாதிரின்னு."

அவர் திரும்பவில்லை. கண்ணாடிக்காரர் வீசினார், பந்து அசையவில்லை. "தலையத் தூக்காதீங்க சார்" என்றார் அண்ணன். மூன்று பந்துகள் போயின.

"தெளிவாச் சொன்னனா?"

"தெளிவாச் சொன்னீங்க."

"அப்ப எண்ணாம வுட்டது மட்டுந்தான் என் தப்பு."

"ஆமாங்கண்ணா."

தலையாட்டிக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் மரத்த இடத்தில் வலியாவது தெரியும் என்றுகூட நினைத்தேன். அவர் போனை எடுத்துத் தொப்பைக்காரனைக் கூப்பிட்டு, பெயர் கொடுக்கக் கடைசி நாள் எது என்று கேட்டார். கேட்டுவிட்டுப் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டே, அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"வந்து பாரு பாப்பா. வேடிக்க பாக்கறவங்களுக்குக் கட்டியிருக்கற கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னு பாரு. பையத் தொடாத."

சரிங்கண்ணா என்றேன்.