லேஞ்சி விரித்த இருக்கை

பேய் பிசாசு என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். நீங்கள் சிரித்தாலும் சிரியுங்கள், இது எனக்கு நடந்தது.

குடும்பத்தை இங்கே கூப்பிட எங்கள் ஆட்கள் போட்ட விண்ணப்பங்களை இந்த நாட்டு அரசாங்கம் அசைக்காமல் வைத்திருந்த காலம், பிறகு அதைத்தான் தமிழர் வழக்கு என்றார்கள். நான் தம்பியோடு இங்கே ஹேர்னிங் என்கிற ஊரில், என் கணவர் யாழ்ப்பாணத்தில். அவரைக் கூப்பிடுகிற விசயமாக ஓகூஸ் நகரத்தில் வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு நின்றேன், பனிக்காலம், பின்னேரமே இருட்டு, பஸ் வந்துவிட்டது என்று சேலையைத் தூக்கிப்பிடித்துக் காலை உயர்த்தினால் படியே இல்லை, தடுமாறிப்போனேன். உள்ளே தரை நான் நின்ற நிலத்தோடு சமம். வண்டிச் சில்லுக்கு மேலே மட்டும் உயர்த்திய இருக்கைகள், எதிரும் புதிருமாக. நடுவில் பிள்ளை வண்டில் நிறுத்த வெறும் இடம். அதையொட்டி ஒரு தமிழ்க் கிழவி, முன்னால் பிடித்து நடக்கிற தள்ளுவண்டி, பக்கத்து இருக்கையில் ஆம்பிளைகள் வைத்திருக்கிற கைக்குட்டை, ஒரு லேஞ்சி விரித்திருந்தது, மூலையில் சிவப்பு நூலால் ‘சி’ என்று தைத்திருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. “லேஞ்சி போட்டு இடம் பிடிக்கிறதை இங்க வந்தும் விடேல்லையோ அம்மா?”

“என்ர மனுசனுக்கு.”

“எங்க ஏறுவார்?”

அந்த அம்மா நிமிரவேயில்லை. “இறங்கு பிள்ளை” என்றார். கதவு திறந்தது, இறங்கி ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அது பஸ்ஸே இல்லை, ரோட்டில் தண்டவாளத்தில் போனது.

“ஓகூஸில ட்ராமே இல்லை அக்கா, பசியில மயங்கியிருப்பாய்” என்றான் தம்பி.

அனுமதி வரவில்லை, யாழ்ப்பாணத்தில் என் கணவர் மேல் ஷெல் விழுந்தது. அவருடைய சாமான்கள் மட்டும் வந்தன. அதற்குள் அந்த லேஞ்சி, மூலையில் அதே சிவப்பு ‘சி’, அவருடைய பெயரின் முதலெழுத்து. நான் இங்கே வந்த பிறகு அவருடைய தங்கச்சி தைத்துக் கொடுத்ததாம்.

இப்போது நான் ஓகூஸில்தான். புதிதாக ட்ராம் விட்டபோது ஏறினேன், நம்பினால் நம்புங்கள், அதே சமதரை, அதே இருக்கைகள். லேஞ்சியை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன், வெளியே கொண்டுபோவதேயில்லை.

போன மாசம், இப்போது நான் பிடித்து நடக்கிற தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு ட்ராமில் இருந்தேன். கதவடியில் யாரோ இல்லாத படிக்குக் கால் தூக்கித் தடுமாறுகிற சத்தம். நான் நிமிரவில்லை. பக்கத்து இருக்கையில் கையை ஊன்றினேன், உள்ளங்கைக்குக் கீழே துணி தட்டுப்பட்டது, மூலையில் நூல் தையல்.

எங்க ஏறுவார் என்று கேட்டால் அந்தப் பிள்ளைக்கு நான் என்னத்தைச் சொல்ல?