புரட்டி மாட்டிய கதவு

எடை என்றால் எனக்குத் தெரியும். சிமெண்ட் கிடங்கில் இருபது வருடமாக மூட்டை தூக்குகிறேன். தூக்காத மூட்டையைத் தூக்கியதாக ஒருநாளும் கணக்குச் சொன்னதில்லை. இதையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டில், பட்டப்பகலில், என் கண்ணெதிரே நடந்தது. எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் அப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்துபோயின. அவரும் மூட்டைக்காரர்தான். உடம்பு விழுந்தாலும் புத்தி வேலைக்குப் போவதை விடவில்லை. விடிந்தால் போதும், கோலை ஊன்றி இழுத்து இழுத்துத் தெருவுக்கு வந்துவிடுவார். ஒருநாள் லாரிக்காரர் ஒருவர் பிரேக் போட்டதால் பிழைத்தார். அதிலிருந்து என் மனைவிக்குத் தூக்கம் போயிற்று. அவள் கூடத்தில் மிஷின் போட்டுத் தைக்கிறவள். ஒரு கண் ஊசியில், ஒரு கண் மாமனாரில்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரச் சாய்ப்பு இருந்தது. தட்டுமுட்டுச் சாமான், எலி, ஒட்டடை. அதை அறையாக்கி அப்பாவைப் படுக்கவைக்கலாம் என்று நினைத்தேன். ஆள் வைத்துச் செய்ய நமக்குக் கட்டாது. எனக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். ஒரு ஞாயிறு குப்பையை அள்ளினேன். ஒரு ஞாயிறு எலி வளைகளைக் கண்ணாடிச் சில்லும் சிமெண்டும் வைத்து அடைத்தேன். பிறகு தரை, பிறகு சுண்ணாம்பு. "ஊர்ல ஆம்பளைங்க ஞாயித்துக்கிழமைன்னா தூங்குவாங்க. எங்க வீட்டுக்காரருக்குச் சுவத்தைச் சொறிஞ்சாத்தான் சோறு இறங்கும்" என்று மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

எல்லாம் முடிந்தது. கதவுதான் பாக்கி.

என் மச்சினன் பழைய வீடுகளை இடிக்கும் கூட்டத்தில் வேலை பார்க்கிறான். அவன்தான் கொண்டுவந்தான். மூன்று சக்கர வண்டியில் படுக்கப் போட்டு, மேலே தானும் உட்கார்ந்துகொண்டு வந்தான்.

"தேக்கு, மாமா. உங்க வீட்டையே வித்தாலும் இந்தக் கதவு வராது. அக்காவுக்கு நான் செஞ்ச சீர்னு வெச்சுக்குங்க."

நல்ல மரம். இரண்டு பேர் தூக்கினாலும் முதுகு பேசியது. ஒரு பக்கம், தலை உயரத்தில், கனமான இரும்புத் தாழ்ப்பாள். மறுபக்கம் வழவழப்பாக இருந்தது, கீழ்ப்பகுதியைத் தவிர. அங்கே கீறல்கள். முழங்கால் உயரத்துக்குக் கீழே, நான்கு நான்கு கோடாக.

"நாய் கட்டியிருப்பாங்க" என்றான் மச்சினன்.

அந்தக் கதவு வெளியிலிருந்து தாழ் போடுகிற கதவு. என் மனைவி அதைப் பார்த்ததும் முகம் தெளிந்தாள். அப்படியே மாட்டுங்கள், ராத்திரி தாழைப் போட்டுவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடுவேன் என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. சம்பாதித்துப் போட்ட மனுஷனை மாடு மாதிரி அடைக்கவா இத்தனை ஞாயிறு உழைத்தேன்? கதவைப் புரட்டினேன். நிலையில் கீலுக்குப் புதுக் குழி வெட்டினேன். தாழ்ப்பாள் அப்பா பக்கம் போனது. கீறல் விழுந்த பக்கம் கூடத்தைப் பார்த்தது.

அவ்வளவுதான் நான் செய்தது.

கீறல்களில் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்தேன். அப்பாவைத் தூக்கிப்போய்க் கட்டிலில் விட்டோம். சுவரைத் தடவிப் பார்த்தார். சுண்ணாம்பு கையில் ஒட்டவில்லை. "பரவால்ல. வேலைக்காரன்தான் நீ" என்றார். அவர் வாயிலிருந்து அது வர நாற்பது வருடம் ஆகியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தபோது மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். காலையில் நான் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் மாமா உள்ளே தாழ் போட்டுக்கொண்டாராம். கூப்பிட்டாலும் திறக்கவில்லையாம். சோற்றைப் பின்சந்து வழியாக ஜன்னல் கம்பிக்குள்தான் கொடுத்தாளாம். சாயங்காலம் ஆறு மணிக்குத் தானாகத் திறந்ததாம்.

எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. தாழ்ப்பாள் தலை உயரம். கனமான இரும்பு. அதைப் போட்டாரென்றால் கை வந்துவிட்டது என்று அர்த்தம். ஓடிப்போய்க் கட்டிலில் உட்கார்ந்து, "அப்பா, கையைத் தூக்குங்க பாப்போம்" என்றேன்.

வலது கை துணி மாதிரி கிடந்தது. கோல் இல்லாமல் எழுந்து நிற்கவும் அவரால் ஆகவில்லை. கோல் கூடத்து மூலையில் இருந்தது.

"தாழ்ப்பாளை யாருப்பா போட்டது?"

"பையன்" என்றார்.

அவருக்கு நான் ஒருத்தன்தான் பையன்.

புதன், வியாழன், வெள்ளி, சனி. நான் கிளம்பிய பிறகு தாழ் விழும். நான் வருவதற்குள் திறந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்கக் கதவெதிரே உட்கார்ந்திருந்தேன். ஒன்றுமே நடக்கவில்லை. கதவு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அப்பா கட்டிலின் நடுவில் கை கால் பரப்பித் தூங்கினார். மனைவியிடம், ராப்பகலாகத் தைத்து உனக்குக் கண்ணும் காதும் கெட்டுவிட்டது என்றேன். கதவின் கீழ்ப்பக்கத்தைக் காட்டினாள்.

பட்டி உதிர்ந்திருந்தது. நான்கு நான்கு கோடு.

தாழ்ப்பாளைக் கழற்றப் பார்த்தேன். துருவேறிய திருகாணி அசையவில்லை, தலை மழுங்கிப்போனது. கட்டுக்கம்பி எடுத்து, தாழ் நகராதபடி இறுக்கி முறுக்கினேன். கீறலில் மறுபடி பட்டி பூசினேன். அடுத்த நாள் தாழ் விழுந்ததாம். அந்தக் கம்பி ஜன்னல் திட்டில் கிடந்தது. அறுந்து இல்லை. பிரித்து, வட்டமாகச் சுருட்டி, நுனியை உள்ளே சொருகி வைத்திருந்தது. கட்டட வேலைத்தளத்தில் அப்படித்தான் சுருட்டுவார்கள், யார் காலிலும் குத்தாமல் இருக்க.

என் மனைவிக்கு அப்படிச் சுருட்டத் தெரியாது.

வியாழக்கிழமை லீவு போட்டேன்.

வழக்கம் போல எழுந்தேன். கிளம்பவில்லை. கூடத்தில் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அப்பாவின் கால் தெரிந்தது. வாசலில் பால்காரர் மணி அடித்துக்கொண்டு போனார்.

ஆறே முக்கால்.

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. யாரோ தூங்குகிறவரை எழுப்பக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சாத்துவது போல. பிறகு... *சரக்.*

பின்சந்துக்கு ஓடினேன். ஜன்னலில் முகத்தை வைத்தேன். அப்பா கட்டிலில் படுத்திருந்தார். கட்டிலின் ஓரத்தில், சுவர்ப் பக்கமாக. வேறு யாரும் இல்லை. தாழ் விழுந்திருந்தது.

"இப்பத்தான் போனான்" என்றார்.

"யாருப்பா?"

"பையன். சாயங்காலம் வந்துடுறேன்னு சொல்லிட்டுப் போனான்."

"எந்தப் பக்கம் போனான்?"

இடது கையைத் தூக்கிச் சுவரைக் காட்டினார். நான் சுண்ணாம்படித்த சுவர். அந்தப் பக்கம் வழி கிடையாது.

அப்போதே உடைத்திருக்கலாம். மனைவிதான் தடுத்தாள். ஆறு மணிக்குத் திறந்துவிடும், தினம் திறக்கிறது, உடைத்து மரம் அவர் மேல் விழுந்தால் யார் பொறுப்பு என்றாள். சரி என்று பட்டது. ஜன்னல் வழியாக மாத்திரை கொடுத்தோம். தண்ணீர் கொடுத்தோம். கூடத்தில் உட்கார்ந்தோம். அவள் தைக்கவில்லை.

பத்து மணி வாக்கில் ஆரம்பித்தது.

*க்ரீச்... க்ரீச்...*

எலி என்றுதான் நினைத்தேன். எல்லா வளையையும் அடைத்தவன் நான்.

"கேக்குதா?" என்றாள்.

"உள்ள அப்பா ஏதோ..."

"உள்ள இல்லங்க. நம்ம பக்கம்."

குனிந்து பார்த்தேன். கதவின் அடியில், கூடத்துத் தரையில், வெள்ளையாகப் பொடி உதிர்ந்துகொண்டிருந்தது. என் பட்டி. பார்க்கப் பார்க்க ஒரு கோடு இறங்கியது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு இரண்டு.

அங்கே யாரும் இல்லை.

கையைக் கொண்டுபோய் மரத்தில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியாது. என் விரல்களுக்கு நடுவே மரம் அதிர்ந்தது. ஒரு கோடு என் நடுவிரலைச் சுற்றிக்கொண்டு போனது... தொடாமல்.

மத்தியானம் வரை வேகமாக இருந்தது. பிறகு மெதுவாக. பிறகு இன்னும் கீழே, தரையை ஒட்டி. உட்கார்ந்திருந்தவர் படுத்துவிட்டது போல.

ஆறு மணி.

தாழ் திறக்கவில்லை.

ஆறரை. தெருவிளக்கு எரிந்தது. மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே அப்பா இருமினார். மூச்சு இழுத்தது. இருமலுக்கு நடுவே சொன்னார்:

"இன்னைக்கு அவன் வரமாட்டான்."

"அப்பா, இதோ வந்துட்டேன்."

"நீ இல்லடா. அவன்."

அப்போதுதான் அந்தக் குரல்.

"தண்ணி..."

"மாமா தண்ணி கேக்குறாரு" என்று எழுந்தாள் மனைவி. பாதியில் நின்றாள். அப்பா பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. அவள்தான் கொடுத்திருந்தாள்.

அந்தக் குரல் அறையிலிருந்து வரவில்லை.

என் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

பெண் குரல்.

ஆக்சா பிளேடை எடுத்தேன். கதவுக்கும் நிலைக்கும் நடுவே விட்டேன். தாழ்ப்பாளை அறுத்தேன். இரும்பு சூடேறியது. கை வழுக்கியது. ரத்தமா வேர்வையா என்று பார்க்கவில்லை.

கீழே சுரண்டல் நின்றது.

காத்திருந்தது.

நான் அறுப்பதை... அது கேட்டுக்கொண்டிருந்தது.

*டக்.*

கதவு திறந்தது.

என் கணுக்காலை உரசிக்கொண்டு ஏதோ போனது. தரையோடு. மெதுவாக. அறைக்குள்.

எடை இருந்தது. அதை நான் சொல்வேன். எடை இருந்தது.

விளக்கைப் போட்டேன். அப்பா மட்டும்தான். கதவைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. கட்டிலுக்குக் கீழே பார்த்தார். பிறகு இடது கையை ஊன்றி, சிரமப்பட்டு, இன்னும் சுவர் பக்கம் நகர்ந்தார்.

ஒருத்தருக்கு இடம் விட்டார்.

அன்று ராத்திரியே கதவைக் கழற்றித் தெருவில் சாய்த்தேன். அப்பாவைக் கூடத்துக்குக் கூப்பிட்டோம். வரமாட்டேன் என்றார். அந்த அறையில் இப்போது ஒரு துணித்திரைதான் தொங்குகிறது. அவர் விடிகாலையில் தெருவுக்குப் போவதும் அன்றோடு நின்றது. ஏன் என்று கேட்டால், "தனியா விட்டுட்டு எப்படிப் போறது?" என்கிறார்.

கதவைத் திருப்பி எடுத்துப்போக மச்சினன் வந்தான். கேலி பேசுவான் என்று நினைத்தேன். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, நின்றபடியே தண்ணீர் வாங்கிக் குடித்தான். பிறகு அவன் மேஸ்திரியிடம் விசாரித்து வந்து சொன்னான்.

கதவை எடுத்த அந்த வீட்டின் பின்னறையில் ஒரு தாயும் மகனும் வாடகைக்கு இருந்தார்களாம். தாய்க்கு ஞாபகம் தப்பும். தெருவில் இறங்கி நடந்துவிடுவாள். மகன் கட்டட வேலைக்காரன். காலையில் சோறும் தண்ணீரும் பக்கத்தில் வைத்து, சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று சொல்லி, வெளியே தாழ் போட்டுவிட்டுப் போவான். புது வேலைத்தளத்துக்குப் போன இரண்டாவது வாரம், வியாழக்கிழமை, சாரம் சரிந்து அவன் மேல் விழுந்தது. அவனை அங்கே யாருக்கும் சரியாகத் தெரியாது. வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்பதும் அங்கே யாருக்கும் தெரியாது.

கதவைத் திறந்தபோது வெகு நாள் ஆகியிருந்தது.

"மேஸ்திரி இன்னொண்ணும் சொன்னாரு, மாமா. அந்தப் பையன் ரொம்பத் தங்கமாம். ஞாயித்துக்கிழமை தாழ் போடவே மாட்டானாம். அன்னைக்கு அம்மாவைத் தெருவுல நாற்காலி போட்டு உக்கார வெச்சுப் பக்கத்துலயே இருப்பானாம்."

ஞாயிற்றுக்கிழமை பற்றி நான் மச்சினனிடம் சொல்லவே இல்லை.

அப்பா இன்றும் கட்டிலின் ஓரத்தில்தான் படுக்கிறார், சுவரோடு ஒட்டி. பாதிக் கட்டில் காலியாகவே கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடுவில் படுக்கிறார்.