நாற்றமில்லாத அடுப்பு

ஹாலந்தில் நான் வேலைக்குப் போகும் இடத்தில், உள்ளே நுழையும் முன் சட்டையைக் கழற்ற வேண்டும். கோயிலா என்று கேட்காதீர்கள், மாட்டுக் கொட்டகை. வாசல் ஆணியில் எனக்கென்று ஒரு நீல ஓவரால் தொங்கும். அதை மாட்டிக்கொண்டு உள்ளே போய், வேலை முடிந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, சொந்தச் சட்டைக்குள் மறுபடி புகுந்துகொண்டால், நான் எங்கிருந்து வருகிறேன் என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவருக்குக்கூடத் தெரியாது. இப்படி ஓர் ஏற்பாடு அலங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் வீட்டிலும் இருந்திருந்தால், மதுரையில் என் கல்லூரிக் காலம் நிம்மதியாகக் கழிந்திருக்கும்.

இங்கே மாடுகள் நிற்கும் தரை, இடைவெளி விட்டுப் பதித்த கான்கிரீட் பட்டைகளால் ஆனது. சாணமும் மூத்திரமும் கீழே இருக்கும் குழியில் விழுந்து கலந்து அம்மோனியாவாகக் கிளம்பும். மிளகாய்ப்பொடி பட்டதுபோல் கண் எரியும். அது மேலே போய் மழையோடு இறங்கி மரங்களைக் கெடுக்கிறது என்று அரசாங்கத்துக்குக் கவலை. எவ்வளவு கிளம்புகிறது என்று அளப்பதற்குத்தான் நான். அமிலம் ஊற்றிய சின்னக் கண்ணாடிக் குப்பிகளுக்குள் கொட்டகைக் காற்றைப் பம்பு வைத்து இழுத்து எடுத்துப் போவேன். ஊருக்குக் கடிதம் போடும்போது மட்டும் 'லேப்பில் வேலை' என்று எழுதுவேன். பாதி உண்மைதான். மீதிப் பாதியை எழுதக் கை வரவில்லை.

இந்தக் கை வராத வியாதி பழையது. எண்பதுகளின் தொடக்கத்தில், மதுரையில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை ஊருக்குப் போய்த் திரும்பினால் விடுதியில், "மாப்ள, ஒன் சட்டை வந்துருச்சு, நீ எப்ப வர்ற?" என்பான் அறைத்தோழன். நானும் சேர்ந்து சிரிப்பேன். ராத்திரி சட்டையை இரண்டு தடவை துவைப்பேன். ஊரில் அம்மா போன பிறகு, நாலு மாட்டையும் விறகடுப்பையும் பார்த்துக்கொண்டது செல்வி அக்கா. பள்ளிக்கூடம் போகாதவள். புகையில் அவள் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். அப்போது யூனியன் ஆபீஸிலிருந்து சாண எரிவாயு அடுப்பு பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். படித்த திமிரில் நான்தான் அய்யாவிடம் மல்லுக்கு நின்றேன்.

"சாணியில சோறாக்குனா சாமிக்கு எப்படிடா படைக்கிறது?" என்றார் அய்யா.

"வறட்டியில ஆக்குனா சாமி திங்குதுல்ல? இது மீத்தேன்ய்யா. புகையும் இல்ல, நாத்தமும் இல்ல."

கொல்லையில் குழி வெட்டி, இரும்பு டிரம்மைக் கவிழ்த்து வைத்தார்கள். சாணத்தைக் கரைத்து ஊற்ற ஊற்ற, வாயு சேர்ந்து டிரம் மெல்ல மேலே எழும்பும். நீலச் சுடர் முதன்முதலாக எரிந்த அன்று அக்கா, "கண்ணு எரியலடா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஊரில் எல்லோரையும் கூட்டிவந்து காட்டினாள்.

அந்த ஆவணியில் அவளைப் பெண் பார்க்க சோழவந்தானிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை மதுரையில் கிளார்க்கு. எங்கள் பக்கம் சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணப் புடிச்சிருக்கு, சாப்பிட்டே போறோம்" என்றதும் அய்யாவுக்கு வாயெல்லாம் பல். இலை போட்டோம். அந்த அம்மா அடுப்படிக்கு வந்து நீலச் சுடரைப் பார்த்தார். "கேஸு வச்சிருக்கீகளா தம்பி! சிலிண்டர் எங்க?"

மீத்தேன் என்று ஊருக்கே பாடம் எடுத்தவன் நான். ஆனால் அவர் மகன் இஸ்திரி கலையாத சட்டையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தான். என் சட்டையில் என்ன வாசம் வருகிறதோ என்ற பயம் வந்துவிட்டது. "வெளிய இருக்கு" என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கை கழுவக் கொல்லைக்குப் போன மாப்பிள்ளையின் சித்தப்பா சிரித்துக்கொண்டே வந்தார். "சிலிண்டர் இல்ல மதினி, சாணித் தொட்டி! அதுலருந்துதான் குழாய் வருது."

இலையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா எழுந்துவிட்டார். "எங்க வீட்டுலயும் மாடு நிக்கிது தம்பி. சாணின்னு சொல்லிருந்தா சாப்பிட்டுத்தான் போயிருப்போம். இம்புட்டுக்குப் பொய் சொல்ற வீட்டுல, நாளைக்கு எம்புட்டுப் பொய் வருமோ?"

அவர்கள் போன பிறகு அக்கா இலைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். அழவில்லை, திட்டவில்லை. "நீதானடா நாத்தம் வராதுன்னு சொன்ன?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு வந்த இடமெல்லாம் அந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் வந்தார்கள். எதுவும் கூடி வரவில்லை. அக்கா இன்னும் அந்த அடுப்படியில்தான் இருக்கிறாள்.

போன மாதம், கொட்டகைக்காரி மரியா காபி கொடுத்தாள். நல்ல மனுஷி. "உங்கள் வீட்டில் மாடு உண்டா?" என்றாள். இந்தத் தடவையாவது மறைக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். என் அரைகுறை டச்சில் குழி, டிரம், சாணத்தில் எரியும் அடுப்பு, அதில் சமைக்கும் அக்கா. அந்த அடுப்பின் பெருமையைத்தான் சொல்ல நினைத்தேன். மரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவ்வளவு ஏழ்மையா?" என்று உள்ளே போய், தன் கம்பளி ஸ்வெட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, "உன் அக்காவுக்கு" என்று கையில் திணித்தாள். அக்கா பிச்சைக்காரி இல்லை, ஊரைக் கூட்டித் தன் நீலச் சுடரைக் காட்டியவள் என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்று வார்த்தை போதும். நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அறைக்கு வந்து அதை முகர்ந்து பார்த்தேன். சோப்பு மணத்துக்கு அடியில் மாட்டு மூத்திரக் காரம். அக்காவின் சேலையில் வருமே, அதே வாசம். மதுரை வெயிலுக்கு ஸ்வெட்டர் எதற்கு? அனுப்பினால் யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று எழுத வேண்டும். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. என் சட்டைக்குப் பக்கத்து ஆணியில் அது தொங்குகிறது.

நேற்று அக்காவின் கடிதம் வந்தது, பக்கத்து வீட்டுப் பெண் எழுதிக் கொடுத்தது. "ஒனக்கு என்ன வேலைன்னு கேக்குறாக. லேப்புன்னுதான் சொல்லிருக்கேன். சரிதானடா?" சரிதான் என்று பதில் போட்டுவிட்டேன். இவ்வளவையும் உங்களிடம் கொட்டுகிறேனே, அக்கா படித்தால் என்று யோசிக்கிறீர்களா? அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.