அம்மாவின் மேசையில் திறந்திருக்கும் கடிகாரம்

எங்கள் அம்மா பள்ளத்தூரில் பிறந்து, அங்கேயே படித்து, காரைக்குடிக்கு வாழ வந்தார்கள். அறிவியல் ஆசிரியையாக வேலை பார்த்தார்கள். அப்பா சிங்கப்பூரில் இருந்த ஆண்டுகளில் வீடு, பள்ளிக்கூடம், எங்கள் படிப்பு எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக இழுத்தார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது அவர்களுடைய மேசையைப் பற்றி.

அப்பாவின் சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரத்தை ஒரு கடைக்காரர் வெறும் விரலால் நோண்டி, முடியிழை போன்ற சுருள்வில்லை நெளித்துவிட்டார். அந்தக் கோபத்தில்தான் தானே பழுதுபார்க்க அம்மா இடுக்கியை எடுத்தார்கள். பிறகு சொந்தபந்தங்களின் பழைய கடிகாரங்கள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தன. விரல் ஈரம் பட்டால் துரு, அதனால் விரலுறை. செல்போன் பக்கத்தில் வந்தால் சுருளில் காந்தம் ஏறும்; அதனால் போன் கூடத்தோடு சரி. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். தூசி தட்ட ரப்பர் பல்ப். கழற்றிய பாகங்கள் கண்ணாடி மூடிக்குள். ஆயுத பூஜைக்குக்கூடச் சந்தனம் மேசைக் காலுக்குத்தான், இடுக்கிக்குக் கிடையாது.

"சாமி கோவிச்சுக்காதா?" என்பார் அப்பா.

"சாமி தொடச்சுக்கிரும். பல்சக்கரம் தொடச்சுக்குமா?"

சென்ற ஆண்டு நெஞ்சுவலி என்று மதுரைக்குக் கொண்டுபோனபோது மேசையில் ஒரு கடிகாரம் கழற்றிய நிலையில் இருந்தது. ஆஸ்பத்திரியிலும் அம்மாவுக்கு அதே நினைப்பு. "கண்ணாடியத் தூக்கிறாத. ஃபேனப் போட்டுறாத. நான் வந்து பூட்டிக்கிறேன்." வரவில்லை.

காரியத்தன்று வீடு கழுவி, அறை அறையாகச் சாம்பிராணி காட்டிக்கொண்டு வந்தார்கள் அத்தை, அப்பாவின் தங்கை. நான் அம்மாவின் அறை வாசலை மறித்து நின்றேன்.

"அத்தே, இங்குட்டு வராதீக. புகை பட்டா பாகத்துல பிசுக்கு ஏறிரும்."

"ஏன்டி, வீடெல்லாம் தீட்டுக் கழியுது, உங்காத்தா ரூமுக்கு மட்டும் கழியக் கூடாதா? தள்ளுடி."

"மாட்டேன். அது அம்மாவுது இல்ல அத்தே. யாரோ நம்பிக் குடுத்தது."

முறைத்தார்கள். பிறகு தூபக்காலை வாசலுக்கு வெளியிலேயே வைத்துவிட்டு, "வாளியாச்சும் உள்ள வரலாமா, அதுக்கும் உன்ட்ட பாஸ் வாங்கணுமா?" என்றார்கள். மேசையில் ஒரு சொட்டுத் தெறிக்காமல், பிழிந்த துணியால் அந்த அறையைத் துடைத்ததும் அவர்களே.

அந்தக் கடிகாரம் யாருடையது? தெரியவில்லை. அம்மா பெயர் எழுதி வைக்க மாட்டார்கள். கடிகாரத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். கொடுத்தவரும் ஓராண்டாக வாய் திறக்கவில்லை. துக்க வீட்டில் போய் "என் பொருள் எங்கே" என்று நம் பக்கம் யார்தான் கேட்பார்கள்?

ஆஸ்பத்திரியில் மாறி மாறி உடனிருந்தவர்கள், எங்களுக்கு அடுப்பு மூட்டும் வேலையே வைக்காத பக்கத்து வீட்டார், மறித்த என்னை மன்னித்த அத்தை, எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அம்மாவின் முதலாண்டு நினைவாக அச்சிட்ட இந்த மலர் உங்கள் அனைவர் கைக்கும் வருகிறது. உங்களில் ஒருவருக்கு மட்டும் கூடுதலாக ஒரு வார்த்தை: வெள்ளை முகப்பு, நொடிமுள்ளுக்குத் தனி வட்டம். ஒரு திருகாணிகூடக் குறையவில்லை, ஒரு தூசியும் ஏறவில்லை. சந்தையில் வாங்கிய பழைய கடிகாரங்களைக் கழற்றிப் பூட்டி எனக்கும் கை பழகிவிட்டது. கூச்சப்படாமல் வாருங்கள். உங்கள் கண் முன்னாலேயே பூட்டிச் சாவி கொடுக்கிறேன். ஓடுகிறதா என்று காதில் வைத்துக் கேட்டுவிட்டு, கட்டிக்கொண்டு போங்கள்.