கீத் பிளென்கினின் ஐந்தாவது பூட்டு

எங்கள் தெருவில் மூன்று வருடத்தில் நான்கு கேரவன் திருடு போயின. கீத் பிளென்கின் வீட்டு வாசலில் நிற்பது மட்டும் ஓர் அங்குலம் நகரவில்லை. காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகிற சக்கர வீடு அது. கோடையில் ஆறு வாரம் ஊர் சுற்றும், மிச்ச நாளெல்லாம் வாசலில் சும்மா நிற்கும். சும்மா நிற்கும்போதுதான் களவு போகும் என்று எங்கள் ஊர் ஹெஸ்ஸலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கீத் முப்பத்தொரு வருடம் ஹல் நகரத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கேரவன்களுக்கு ஜன்னல் பொருத்தியவர். ஓய்வு பெற்றதும் சொந்த வண்டிக்குக் காவல்காரர் ஆகிவிட்டார். கொக்கி இருக்கிற முனையை வீட்டுச் சுவரைப் பார்த்துத் திருப்பி நிறுத்துவார். கொக்கிக்கு ஒரு பூட்டு. சக்கரத்துக்கு மஞ்சள் தகடு வைத்த ஒரு பூட்டு. வாசல் முகப்பில் சிமெண்டில் அடி புதைத்து, மடக்கி நிமிர்த்துகிற இரும்புக் கம்பம், அதற்கு ஒரு பூட்டு. உள்ளே எலி தும்மினாலும் அலறுகிற அலாரம், அதையும் அவர் பூட்டுக் கணக்கில்தான் சேர்ப்பார். போலீஸ் ஹெலிகாப்டர் கண்ணில் படட்டும் என்று கூரையில் தன் அஞ்சல் குறியீட்டை முழ உயரத்தில் கறுப்பாக எழுதியும் வைத்தார்.

அவர் மனைவி மோரீன் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்று கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. “ஏங்க, மேல இருக்கறவருக்கு நம்ம விலாசம் தெரியாதுன்னா எழுதறீங்க?”

“அவரு திருடனைப் பிடிச்சுத் தர மாட்டாரு. போலீஸ்காரன் தருவான். ஏணிய ஆட்டாம நில்லு.”

குளிர்காலம் வந்தால் மெத்தைகளை எல்லாம் வீட்டுக்குள் கொண்டுபோய்விடுவார். அலமாரிக் கதவுகள், குளிர்பெட்டிக் கதவு எல்லாம் ஆவென்று திறந்து கிடக்கும். ஜன்னல் திரைகளை முழுக்க ஒதுக்கிவிடுவார். எட்டிப் பார்க்கிற திருடனுக்கு ஒன்றுமில்லை என்று தெரிய வேண்டும். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். எதிர்வீட்டுக்காரியான எனக்கும் என் சமையலறையில் நின்றால் அந்த வண்டியின் வயிறு முழுக்கத் தெரியும்.

ஐந்தாவது பூட்டு கதவுக்கு. ஏறும்போது பிடித்துக்கொள்ளக் கதவோரம் ஒரு கம்பி இருக்கும். அதையே மடக்கிக் கதவுக்குக் குறுக்கே கொண்டுவந்து பூட்டிவிடலாம். வெளிப்பக்கம் திறக்கிற கதவு, பிறகு அசையாது. இன்று அந்த வாசலில் நான்கு பூட்டுதான். ஐந்தாவதைக் கீத்தே அறுத்து எறிந்தார். அந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. ஏழு வருடம் அதை அவரிடம் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

மோரீனுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்த பிறகு, வாசலில் நிற்கிற கேரவனுக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். அவளுக்கு அது ஃபைலி கடற்கரை. “கடல் ஏறி வந்துடுச்சா கண்ணு?” என்று போகிற வருகிறவர்களைக் கேட்பாள். கேரவன் முகாமில் யார் கடந்து போனாலும் கையாட்ட வேண்டும், அது அங்கே மரியாதை. அவள் ஜன்னல் வழியாகத் தெருவுக்கே கையாட்டுவாள். தபால்காரர் ஆட்டுவார், நான் ஆட்டுவேன், ஒரு நாளைக்கு நாலு தடவை.

அது பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை. ஈர வாடை போகட்டும் என்று கீத் காலையில் கேரவன் கதவைத் திறந்து வைத்திருந்தார். பேட்டரியைக் கழற்றிக் கொட்டகையில் சார்ஜ் போட்டிருந்தார், அதனால் அலாரம் செத்துக் கிடந்தது. மோரீன் வீட்டுக்குள் நாற்காலியில் தூங்குகிறாள் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார், கம்பியை மடக்கிப் பூட்டினார், அவளுடைய மாத்திரை வாங்க ஹல்லுக்குப் போனார். சாவி எடுக்க வீட்டுக்குள் போன அந்த இரண்டு நிமிடத்தில் அவள் பின்கட்டு வழியாக வந்து கேரவனில் ஏறியிருக்கிறாள். பூட்டுகிற கைக்குப் பழக்கம் அதிகம். உள்ளே எட்டிப் பார்க்காமலே பூட்டிவிட்டது.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும். ஆஸ்பத்திரிச் சமையலறையில் எனக்கு அன்று மதிய வேலை. கிளம்புமுன் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தேன். எதிரே கேரவனின் தெருப்பக்க ஜன்னலில் மோரீன், இரண்டு கையையும் கண்ணாடியில் வைத்துக்கொண்டு. சோப்புக் கையை ஆட்டினேன். அவள் உள்ளங்கையால் தட்டினாள். வாய் திறந்து திறந்து மூடியது. பாடுகிறாள் என்று நினைத்தேன். இரண்டு கையையும் தூக்கி ஆட்டிச் சிரித்துவிட்டு, பஸ் பிடிக்க ஓடினேன்.

மூன்று மணிக்குக் கீத் திரும்பினார். மோரீனைக் காணோம். தெருவே இறங்கித் தேடியது, போலீஸ் வந்தது, ஹம்பர் ஆற்றங்கரை முழுக்க ஆள் போனது. கேரவனை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. வெளியே பூட்டு தொங்குகிறதே! அவளோ அதற்குள் சோர்ந்து தரையில் சரிந்திருந்தாள், ஜன்னல் வழியாகத் தெரியவில்லை. நாலே முக்காலுக்கு இடைவேளையில் போனை எடுத்துப் பார்த்தேன். தெருக்காரர்களின் குழுவில் அவள் படம். உடனே கீத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன். சாவி தேட நிற்காமல் அவர் கதவுப் பூட்டை அறுத்து எறிந்தார். தூக்கியபோது உயிர் இருந்தது. பதினோராம் நாள் நுரையீரலில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தாள்.

அடக்கம் முடிந்து கீத் என் வீட்டுக்கு வந்தார். “கடைசியா அவளைப் பார்த்தது நீதான் கண்ணு. எப்படி இருந்தா?”

“சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. கையாட்டினாங்க.”

இப்படித்தான் சொன்னேன். என்ன நாக்கு இது! அதிலிருந்து ஒவ்வொரு பிப்ரவரியிலும் எங்கள் ஊர் இனிப்பான தயிர்க்கட்டி டார்ட் ஒன்று கொண்டுவந்து மேஜையில் வைப்பார். “நீ பார்க்காம இருந்திருந்தா அவ அங்கேயே கிடந்திருப்பா” என்பார். பிறகு, “சிரிச்சாளா?” என்பார். “சிரிச்சாங்க” என்பேன். அவர் போன பிறகு அந்த டார்ட்டைத் தின்று பார்த்திருக்கிறேன், வாயில் மண் மாதிரி இருக்கும். ஒரு மணியாகப் பத்து நிமிடம் இருக்கையில் சமையலறைத் திரையை இறக்கிவிடுவேன். இறக்கினால் மட்டும் என்ன? திரைக்கு அந்தப் பக்கம் இரண்டு கை நிற்பது எனக்குத் தெரியும்.

கேரவன் அதன் பிறகு எங்கும் போகவில்லை. ஆனாலும் ஞாயிறுதோறும் வெளியே கழுவுவார். டயர் ஒரே இடத்தில் அமுங்கக் கூடாது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை சக்கரத்தைத் திருப்பி வைப்பார். கொக்கிப் பூட்டை இன்னும் கனமானதாக மாற்றினார். கதவை மட்டும் பூட்டுவதே இல்லை, திறந்தே கிடக்கும்.

“போகாத வண்டிக்கு எதுக்குய்யா இவ்ளோ காவல்? வித்துத் தொலை” என்றான் பக்கத்து வீட்டு ட்ரெவர்.

“உன் வண்டி எங்க நிக்குது இப்போ?” என்று கேட்டார் கீத். ட்ரெவரின் கேரவன் திருடு போய் ஒரு வருடம் ஆகியிருந்தது.

போன மாதம், வியாழக்கிழமை. கீத் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். பட்டப்பகலில் எதிரே அலாரம் அலறியது. இந்தத் தெருவில் அலாரத்துக்கு யாரும் தலையைத் திருப்புவதில்லை, நானும் திருப்பவில்லை. இரும்பு அறுக்கிற சத்தம் கேட்டபோதுதான் திரையைத் தூக்கினேன். பளபள மஞ்சள் சட்டையில் இரண்டு பேர். கம்பம் மடங்கிக் கிடந்தது, ஒருவன் சக்கரப் பூட்டை அறுத்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் என்னைப் பார்த்தான். பார்த்து, பழுது பார்க்க வந்தவன் போலச் சிரித்துக் கையாட்டினான்.

என் கை தானாக மேலே எழும்பியது. பாதி வரை எழும்பியதை வெடுக்கென்று இறக்கினேன்.

செருப்பில்லாமல் ஓடினேன். கையில் கழுவிய வாணலி. “யாருடா நீங்க? எடுங்கடா கைய!”

“சர்வீஸுக்கு எடுத்துட்டுப் போறோம் கண்ணு. பெரியவருதான் சொன்னாரு.”

“அந்தப் பெரியவரு உன்னைய இந்த வண்டியத் தொடக்கூட விட மாட்டாரு. என் மேல ஏத்திட்டு இழுத்துட்டுப் போ, பார்க்கலாம்!” வண்டிக்கும் தெருவுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு கத்தினேன். அப்படி ஒரு கத்தல் நான் வாழ்நாளில் கத்தியதில்லை. ட்ரெவர் வெளியே வந்தான். அவர்கள் என்னைத் திட்டிக்கொண்டே வேனில் ஏறி ஓடினார்கள்.

கீத் பஸ்ஸில் வந்து இறங்கினார். அறுபட்ட பூட்டைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேரே கேரவனுக்குள் ஏறித் தெருப்பக்க ஜன்னலிடம் போனார்.

“இருக்கு” என்றார்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. படியில் நின்றபடியே கொட்டிவிட்டேன். “கீத், அவங்க சிரிக்கல. கண்ணாடியைத் தட்டினாங்க, கத்தினாங்க. நான்தான் மக்கு மாதிரி கையாட்டிட்டு பஸ்ஸுக்குப் போயிட்டேன்.”

“உள்ள வா” என்றார்.

சாய்ந்த வெயிலில் ஜன்னலின் உள்பக்கம் இரண்டு கைத்தடம் தெரிந்தது. ஒன்று ஐந்து விரலும் பதிந்து தெளிவாக. மற்றது கீழ்நோக்கி இழுபட்டு. ஏழு வருடமாக வெளிப்பக்கம் மட்டுமே அவர் ஏன் கழுவினார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“முப்பத்தொரு வருஷம் ஜன்னல் போட்டவன் நான். கையாட்டறவ கை கண்ணாடியில படாது கண்ணு.”

“அப்போ உங்களுக்கு முதல்லேருந்தே தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் வருஷா வருஷம் வந்து கேட்டீங்க?”

“அவ சிரிச்சான்னு நீ சொன்னே. பூட்டினவன் நான். வருஷத்துல ஒரு நாளாவது யார் வாயிலயாவது அதைக் கேக்கணும்போல இருந்துச்சு.” மெத்தை இல்லாத வெறும் பலகையில் உட்கார்ந்தார். “இப்போ நிஜத்தைச் சொல்லு. ஒண்ணு விடாம.”

சோப்பு நுரையிலிருந்து பஸ் வரை சொன்னேன். தலையைக் குனிந்தபடி கேட்டார்.

“நீ போறப்ப அவ கைய எடுத்துட்டாளா?”

“தெரியல கீத். நான் திரும்பிப் பார்க்கல.”

அவர் தலையாட்டினார். எழுந்து வெளியே போய், கொட்டகையிலிருந்து பழைய சக்கரப் பூட்டை எடுத்து வந்து மாட்டினார். கம்பத்தை நிமிர்த்தினார். நான் பிடித்துக்கொண்டேன். கொக்கிப் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். கேரவன் கதவை மட்டும் எப்போதும்போல் திறந்தே விட்டுவிட்டு வீட்டுக்குள் போனார்.